ஒரு டேப், பல தட்டுகள்: ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தை வெட்டிய கைகள்

1973 மார்ச்சில் வெளியான ஓர் ஆல்பம், அரை நூற்றாண்டு தாண்டியும் புதிது புதிதாகத் தட்டு அடிக்கப்படுகிறது. பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’. உலகம் முழுக்க நான்கரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்கு. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973 முதல் 1988 வரை அந்தப் பட்டியலில் 741 வாரங்கள் இடம்பிடித்தது. புராக்ரசிவ் ராக் என்ற இசைவகையை ஒருநாளும் தேடிப்போகாதவர்கள்கூட, கறுப்புப் பின்னணியில் முப்பட்டகம் ஒளியைப் பிரிக்கும் அந்த அட்டையைப் பார்த்திருப்பார்கள்.

இத்தனை கோடித் தட்டுகளும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. லண்டன் தட்டில் நெருக்கமாக நிற்கும் குரல், கலிஃபோர்னியாவில் வெட்டிய தட்டில் ஓரடி பின்னால் தள்ளி நிற்கும். ஜப்பான் தட்டில் பாட்டுக்கு முந்தைய நிசப்தம் சுத்தமாக இருக்கும். அமெரிக்காவின் எழுபதுகளின் தட்டில் அதே இடத்தில் இரைச்சல் முந்திக்கொள்ளும். ஆடியோஃபைல்கள் எனப்படும் ஒலிப்பித்தர்கள் இந்த வேறுபாடுகளுக்காகக் கொட்டும் பணத்தையும் நேரத்தையும் பார்த்து ‘பைத்தியம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படிப் போய்விட்டால் ஓர் உண்மை கைநழுவிவிடும். நாம் கேட்கும் தட்டு, டேப்பில் இருந்ததன் வெறும் நகல் கிடையாது. ஒரு பொறியாளர் உட்கார்ந்து, காதைத் தீட்டி, இது இருக்கட்டும், இது குறையட்டும் என்று எடுத்த முடிவுகளின் தொகுப்பு அது. பிரஸ்ஸிங்குகளை, அதாவது ஒரே ஆல்பத்தின் வெவ்வேறு தட்டுப் பதிப்புகளை, ஒப்பிட்டுக் கேட்பது அந்த முடிவுகளை ஒப்பிடுவது. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை அடுக்கிவைத்துப் பாடபேதம் பார்த்ததுபோன்ற வேலை அது. எந்தப் பிரதியில் எந்தக் கை புகுந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மூலத்தை நெருங்க முடியும்.

டேப்பிலிருந்து தட்டுக்கு

லண்டன் ஆபி ரோடில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் 1972 மே இறுதியில் தொடங்கிய ஒலிப்பதிவு 1973 பிப்ரவரியில் முடிந்தது. ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் என நால்வர் குழு. ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். பீட்டில்ஸ் குழுவின் கடைசி ஆண்டுகளில் அதே கட்டடத்தில் உதவியாளராக இருந்தவர். பதினாறு தட டேப்பில் பதிந்தார்கள். தடங்கள் போதாதபோது, பதிந்தவற்றைக் கலந்து இன்னொரு பதினாறு தட டேப்புக்கு மாற்றி இடம் பிடித்தார்கள்.

மிக்ஸ் செய்யும்போது குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. வாட்டர்ஸும் மேசனும் எதிரொலி குறைவான, பேச்சுக்குரல்கள் தெளிவாகக் கேட்கிற வறண்ட ஒலியைக் கேட்டார்கள். கில்மரும் ரைட்டும் எதிரொலி மிதக்கும் மென்மையான ஒலியை விரும்பினார்கள். நடுவில் நின்று முடிவு சொல்ல, இசைத் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை வெளியிலிருந்து அழைத்துவந்தார்கள். எதிரொலி எவ்வளவு, குரல் எவ்வளவு என்ற வழக்கு இந்த ஆல்பத்தோடு கூடவே பிறந்தது. அதற்குப் பிறகு தட்டு வெட்டிய ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ அந்த வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார்கள்.

மிக்ஸ் முடிந்த ஸ்டீரியோ டேப் கட்டிங் அறைக்குப் போகும். அங்கே லேத் இருக்கிறது. அதில் சுழலும் தட்டு அலுமினியத்தால் ஆனது; மேலே நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு. இதை லாக்கர் என்பார்கள். சூடேற்றிய கூர்முனை அந்தப் பூச்சில் சுருள்சுருளாகப் பள்ளம் வெட்டும். இந்த லாக்கர்மீது வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் உலோகத் தகடு ஒன்று கிடைக்கும். அதிலிருந்து ‘மதர்’. மதரிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பரை அழுத்து இயந்திரத்தில் பொருத்தி, சூடான பி.வி.சி. உருண்டையை நசுக்கினால் நம் கைக்கு வரும் தட்டு. லாக்கர் தயாரிப்பில் உலகமே இரண்டு நிறுவனங்களை நம்பியிருந்தது. அவற்றில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை 2020 பிப்ரவரியில் தீயில் அழிந்தபோது, ஜப்பானின் எம்.டி.சி. மட்டுமே மிஞ்சியது. இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அன்றைக்கு ஊருக்கெல்லாம் தெரிந்தது.

வெட்டுபவரின் கை எங்கே நுழைகிறது? கீழ்ச்சுருதி ஒலி பள்ளத்தை அகலமாக அலைபாய வைக்கும், இடம் தின்னும். அதனால்தான் வெட்டும்போது பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டி, வீட்டில் ஆம்ப்ளிஃபயர் அதைத் திருப்பிச் சரிசெய்யும் ஆர்.ஐ.ஏ.ஏ. முறை வந்தது. அப்படியும் ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடக் கூட, ஒலியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இந்த ஆல்பத்தின் முதல் பக்கம் சுமார் 19 நிமிடம், இரண்டாம் பக்கம் சுமார் 23 நிமிடம். இரண்டாம் பக்கத்தை உரக்க வெட்டினால் பள்ளங்கள் ஒன்றையொன்று இடிக்கும். தணித்து வெட்டினால் தட்டின் இரைச்சல் மேலெழும். இடையில் எங்கே நிற்பது என்பது வெட்டுபவரின் தீர்ப்பு.

இன்னொரு சிக்கல் வடிவக்கணிதம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும் கடைசி வட்டங்களில் அது 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதே நேரத்து இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டும். உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் அங்கேதான் கரகரக்கும்.

எங்கே காது வைக்க வேண்டும்

பாழாய்ப்போன பொருத்தம் பாருங்கள்: இந்த ஆல்பத்தின் இரண்டு உச்சங்களும் அந்த உள்வட்டத்தில்தான் விழுகின்றன.

முதல் பக்கம் முடிவது ‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’ பாட்டில். 1973 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. கிளேர் டோரி என்ற பாடகி ஆபி ரோடுக்கு வந்தார். பாட வார்த்தைகள் எதுவும் தரப்படவில்லை. ரைட்டின் பியானோவின் மேல் அவர் தன் குரலையே வாத்தியமாக்கி விம்மி, உயர்ந்து, அடங்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம் என்று 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். 2004-ல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005-ல் சமரசம் ஏற்பட்டது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு டோரியின் பெயரும் இசையமைப்பில் அச்சாகிறது. ஒலியில் மட்டுமல்ல, அட்டையிலும் பதிப்புகள் வேறுபடுகின்றன. இந்த வேறுபாடு நியாயம் சார்ந்தது. அந்தக் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில் கண்ணாடி உடைவதுபோன்ற கீறல் எழாமல் வெட்டியிருந்தால், வெட்டியவர் தன் வேலை தெரிந்தவர்.

இரண்டாம் பக்கம் முடிவது ‘எக்லிப்ஸ்’ பாட்டில். ஆல்பத்திலேயே அடர்த்தியான இடம் இதுதான்: ஆர்கன், கித்தார், டிரம்ஸ், பின்னணிக் குரல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மோசமான பிரஸ்ஸிங்கில் அது ஒரே சத்தக் குவியல். நல்லதில் அதன் அடுக்குகளை எண்ணலாம்.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் வரும் இதயத்துடிப்பு நிக் மேசனின் பேஸ் டிரம்மிலிருந்து எடுத்தது. மிக மெல்லத் தொடங்கும். பி.வி.சி. எவ்வளவு சுத்தம் என்பதைத் தட்டு இங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். ‘டைம்’ பாட்டின் ஆரம்பத்தில் வெடிக்கும் கடிகாரங்களை ஆலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தார். எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும்போது ஒவ்வொரு மணியின் உலோகமும் தனித்துத் தெரிய வேண்டும். அதைத் தொடரும் ரோட்டோடாம் என்ற டிரம்மின் ஓசைகளில் தோலின் இழுவையும் அறையின் காற்றும் கேட்க வேண்டும். ‘மனி’ பாட்டின் முகப்பில் கல்லாப்பெட்டியும் நாணயங்களும் கிழியும் காகிதமும் ஏழு தட்டுத் தாளத்தில் வலமும் இடமும் மாறி மாறி விழுகின்றன. டேப்பை அளவுகோல் வைத்து அளந்து வெட்டி ஒட்டி வளையமாக்கிய வேலை அது. ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டில் டிக் பாரியின் சாக்ஸஃபோனுக்கு மூச்சு இருக்கிறதா, தணிந்த வரியிலிருந்து கூட்டுக்குரலுக்குப் பாயும்போது அந்தத் தாவலின் உயரம் முழுசாக வருகிறதா என்று பாருங்கள்.

இந்த ஆறேழு இடங்கள் போதும். ஒரு பிரஸ்ஸிங்கின் ஜாதகம் தெரிந்துவிடும்.

நீல முக்கோணம்

சேகரிப்பாளர்கள் உச்சியில் வைப்பது பிரிட்டனின் முதல் பதிப்பு. ஹார்வெஸ்ட் லேபிள், எண் எஸ்.எச்.வி.எல். 804. லேபிளில் முழுக்க நீலம் நிரப்பிய முக்கோணம் இருந்தால் அது ஆரம்பகாலத் தட்டு. பின்னால் வந்தவற்றில் முக்கோணத்துக்குக் கோடு மட்டும் உண்டு, உள்நிறம் இல்லை. அட்டைக்குள் இரண்டு சுவரொட்டி, இரண்டு ஸ்டிக்கர். அட்டை ஹிப்னாசிஸ் நிறுவனத்துடையது. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி.

லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் வெற்று வட்டம் ஒன்று இருக்கும். டெட் வாக்ஸ் என்பார்கள். தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் தெரியும். ஆறு மணி முள் இருக்கும் இடத்தில் பட்டியல் எண்ணும், அதன் பின்னே லாக்கர் எண்ணும்: இரு பக்கத்திலும் 2 என்றிருந்தால் முதல் பதிப்பு என்பது சேகரிப்பாளர் வழக்கு. ஒன்பது மணி இடத்தில் மதரின் எண். மூன்று மணி இடத்தில் ஒன்றிரண்டு ஆங்கில எழுத்துகள்; அவைதான் ஸ்டாம்பரின் எண். ஈ.எம்.ஐ. இதற்கென்று ஒரு சங்கேதம் வைத்திருந்தது. ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்பதிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து எண்களாக்கியிருந்தார்கள். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4. ‘ஆர்எம்’ என்று இருந்தால் 24-வது ஸ்டாம்பர்.

சிறிய எண் என்றால் நல்ல ஒலி என்று சந்தையில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. விலையையும் அது ஏற்றிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு ஸ்டாம்பரும் புதிதாகத்தான் இயந்திரத்தில் ஏறுகிறது. தட்டு அடிக்க அடிக்கத் தேய்கிறது. முதல் ஸ்டாம்பரின் கடைசித் தட்டைவிட, இருபதாவது ஸ்டாம்பரின் முதல் தட்டு தெளிவாக இருக்கலாம். நம் கையில் இருப்பது அந்த ஸ்டாம்பரின் எத்தனையாவது தட்டு என்பதை எந்த எழுத்தும் சொல்லாது.

இந்தப் பதிப்பின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஒலிப்பதிவு நடந்த அதே கட்டடத்தின் கட்டிங் அறை. டேப்புக்கு அப்போது சில வாரங்களே வயது. காந்தத் துகள் உதிரவில்லை, உயர் ஸ்தாயி மங்கவில்லை. குரலும் கித்தாரும் ஹாமண்ட் ஆர்கனும் வாழும் நடு ஸ்தாயி இந்தத் தட்டில் சதைப்பிடிப்போடு வருகிறது. ‘பிரீத்’ பாட்டில் கில்மரின் குரல் எதிரில் நிற்கிறது. ட்ரெபிள் பளபளக்காது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு; எனக்கு அது குறையாகப் படவில்லை. நீண்ட நேரம் கேட்டாலும் காது களைக்காத ஒலி அது.

எச்சரிக்கை ஒன்று அவசியம். 1973-ல் இந்தத் தட்டை வாங்கியவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. இரவெல்லாம் ஓட்டினார்கள், பலர் கனமான ஊசியில். பள்ளத்தின் சுவர் ஒருமுறை தேய்ந்தால் எந்தக் கழுவலும் அதைத் திருப்பித் தராது. தேய்ந்த முதல் பதிப்பைவிட, சுத்தமாக வைத்திருந்த எழுபதுகளின் பிற்காலப் பிரிட்டிஷ் தட்டு எவ்வளவோ மேல்.

நகல் டேப்பின் நாடுகள்

அந்தக் காலத்தில் மூல டேப்பைப் பொதுவாகக் கடல் கடந்து அனுப்ப மாட்டார்கள், நகல்தான் போகும். ஒவ்வொரு நகலிலும் டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் கொஞ்சம் ஏறும், நுணுக்கம் கொஞ்சம் இறங்கும்.

அமெரிக்கப் பதிப்பை ஹாலிவுட்டின் கேபிடல் நிறுவனம் வெளியிட்டது. அங்கே பல பிரதிகளை வெட்டியவர் வாலி ட்ராகட். டெட் வாக்ஸில் அவர் பெயரின் சுருக்கத்தைப் பார்க்கலாம். வெட்டு துடிப்பானது, டிரம்ஸ் உந்தும். அமெரிக்கத் தட்டுகளின் சிக்கல் பொருளில் இருந்தது. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியால் பி.வி.சி. விலை ஏறியது. தட்டுகள் மெலிந்தன, பழைய தட்டை உருக்கிக் கலப்பதும் நடந்தது. இதயத்துடிப்புக்கு முன்னாலேயே படபடவென்று பொரியும் எழுபதுகளின் தட்டுகளுக்குக் காரணம் இது.

ஜப்பானில் டோஷிபா-ஈ.எம்.ஐ. அடித்த தட்டுகள் அமைதிக்குப் பெயர்போனவை. 1978-ல் ஒலிக்கருவிப் பிரியர்களுக்கென்றே ‘புரோ-யூஸ்’ வரிசையில் இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பின்புலம் மை இருட்டாக இருக்கும். பிரிட்டிஷ் தட்டின் வெதுவெதுப்பைத் தேடுபவர்களுக்கு ஜப்பான் தட்டுகள் கொஞ்சம் மெலிந்தே ஒலிக்கும். சுத்தமும் சதைப்பிடிப்பும் ஒரே தட்டில் சேர்ந்து அமைவது அரிது.

பாதி வேகம்

இரைச்சல் தட்டுகளால் வெறுத்துப்போனவர்களின் சந்தையைப் பிடித்தது கலிஃபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி. 1979-ல் அவர்கள் வரிசையில் 17-வது எண்ணாக ‘டார்க் சைட்’ வந்தது. வெட்டியவர் ஸ்டான் ரிக்கர். டெட் வாக்ஸில் ‘எஸ்.ஆர்/2’ என்று கீறியிருக்கும்: ஸ்டான் ரிக்கர், பாதி வேகம்.

டேப்பையும் லேத்தையும் சரிபாதி வேகத்தில் ஓட்டுவதுதான் அந்த முறை. 33⅓-க்குப் பதில் 16⅔ சுற்று. அப்போது 20,000 ஹெர்ட்ஸ் ஒலி 10,000 ஹெர்ட்ஸாக வெட்டும் முனைக்கு வந்து சேரும். அவசரமில்லாமல், அளவுக்கு மீறிச் சூடேறாமல் அது வேலை செய்யும். தட்டை இயல்பான வேகத்தில் ஓட்டும்போது கடிகாரங்களும் சிம்பல்களும் கூர்மையாக வெளிவரும். விலையும் உண்டு: 30 ஹெர்ட்ஸ் பாஸ் 15 ஹெர்ட்ஸாக இறங்கிவிடுகிறது. அந்த ஆழத்தில் டேப் இயந்திரமும் வெட்டும் கருவியும் பிசகாமல் இயங்குவது கடினம்.

தட்டை அடித்தது ஜப்பானின் ஜே.வி.சி. அவர்களின் ‘சூப்பர்வினைல்’ நான்கு சேனல் தட்டுகளுக்காகத் தேய்மானம் தாங்கும்படி உருவாக்கிய கலவை. 1981-ல் அதே ஆல்பம் யு.எச்.க்யூ.ஆர். என்ற பெட்டிப் பதிப்பாக வந்தது: 200 கிராம் எடை, எண்ணிட்ட 5,000 பிரதிகள்.

முதன்முறை மொபைல் ஃபிடெலிட்டி தட்டைக் கேட்பவர் அசந்துபோவார். கடிகாரங்கள் அறைக்குள் நிற்கும். பிறகு பிரிட்டிஷ் தட்டைப் போட்டால் ஏதோ மூடாக்குப் போட்டதுபோலத் தோன்றும். இன்னும் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டால் தராசு மெல்லத் திரும்பும். மேலும் கீழும் ஏற்றியதில் நடு ஸ்தாயி பின்வாங்கியிருக்கிறது. டோரியின் குரலில் உடல் குறைந்து விளிம்பு கூடியிருக்கிறது. பல கேட்பாளர்கள் இதையே சொல்லியிருக்கிறார்கள். ரிக்கர் வேலையில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் டேப்பை அப்படிப் படித்தார். விவரம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு விவரத்தைக் கொடுத்தார்.

மூல டேப்புக்குத் திரும்பியவர்கள்

2003-ல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு. ஜேம்ஸ் கத்ரி பிங்க் ஃப்ளாய்டுடன் ‘தி வால்’ காலத்திலிருந்து வேலை செய்த பொறியாளர். அவர் மேற்பார்வையில், டக் சாக்ஸும் கெவின் கிரேயும் கலிஃபோர்னியாவின் அக்கூஸ்டெக் அறையில் வெட்டினார்கள். 180 கிராம் தட்டு. சாக்ஸ் யார் என்பது முக்கியம்: டேப்பையே தவிர்த்து, பாடகர் பாடப்பாட நேரடியாக லாக்கரில் வெட்டும் ஷெஃபீல்ட் லேப் தட்டுகளின் தந்தையரில் ஒருவர். உயிருள்ள இசை எப்படி ஒலிக்கும் என்பது அவர் காதில் இருந்தது. அந்தத் தட்டின் பாஸ் ஆழமானது, இறுக்கமானது. ‘எக்லிப்ஸ்’ உள்வட்டத்திலும் நிதானம் இழக்கவில்லை. பிரிட்டிஷ் முதல் பதிப்புக்கும் மொபைல் ஃபிடெலிட்டிக்கும் நடுவே ஒரு நியாயமான இடத்தைப் பிடித்த தட்டு என்று இதைச் சொல்வேன்.

2016-ல் குழுவின் சொந்த லேபிளில் வந்த பதிப்புக்கு கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் ஆகியோர் பொறுப்பு. கிரண்ட்மன் எழுபதுகளிலிருந்து அமெரிக்க இசையின் பெரும்பகுதியை வெட்டியவர். நிதானமான, எதையும் மிகைப்படுத்தாத ஒலி. 2023-ல் ஐம்பதாம் ஆண்டையொட்டி கத்ரியின் புதிய மாஸ்டரும் வந்தது.

1973-லேயே ஆலன் பார்சன்ஸ் செய்த நான்கு சேனல் குவாட் பதிப்பு இந்த வரிசையில் சேராது. அது வேறு மிக்ஸ். அதை ஸ்டீரியோ தட்டோடு ஒப்பிட்டு நல்லது கெட்டது சொல்வது முறையல்ல.

2022-ல் உடைந்த நம்பிக்கை

மொபைல் ஃபிடெலிட்டியின் அட்டைகளில் மேலே ஒரு பட்டை இருக்கும்: ‘மூல மாஸ்டர் பதிவு’ என்ற பொருளில். டிஜிட்டல் கலப்பே இல்லாத, டேப்பிலிருந்து நேராக வந்த சங்கிலி என்று வாங்குபவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 40,000 பிரதிகளாக வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தபோது கேள்வி எழுந்தது: ஒரு டேப்பை இத்தனை தடவை ஓட்ட யார் அனுமதிப்பார்கள்? 2022 ஜூலையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துத் தட்டுக் கடைக்காரர் ஒருவர் அந்தச் சந்தேகத்தைப் பகிரங்கமாக்கினார். அவருடன் பேசிய நிறுவனத்துப் பொறியாளர்கள் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். 2011-லிருந்தே பல தட்டுகளுக்கு டேப்பை டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்துதான் வெட்டி வந்தார்கள். வழக்குகள் வந்தன, சுமார் 2.5 கோடி டாலர் அளவில் சமரசம் ஏற்பட்டது.

1979-ன் ‘டார்க் சைட்’ தட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த முறை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரிக்கர் அதை வெட்டிவிட்டார். ஆனாலும் பிரஸ்ஸிங்குகளை ஒப்பிடும் எல்லோருக்கும் இதில் பாடம் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாக, உலகின் கூர்மையான காதுகள் அந்தத் தட்டுகளில் டிஜிட்டல் கட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை, பாராட்டி எழுதின. தொழில்நுட்பத்தின் பெயரைவிட வெட்டியவரின் திறமையும் டேப்பின் நிலையும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கூடவே, ஒலி நன்றாக இருந்துவிட்டால் மறைத்தது சரியாகிவிடாது. காசு கொடுத்தவருக்குச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அறியும் உரிமை உண்டு.

நேர்மையாக ஒப்பிட

இரண்டு தட்டை மாற்றி மாற்றிப் போட்டால் மட்டும் ஒப்பீடு ஆகிவிடாது. முதல் எதிரி சத்த அளவு. கொஞ்சம் உரக்க ஒலிப்பதைக் காது நல்ல ஒலி என்று எண்ணிக்கொள்ளும். ஒரு டெசிபெல் வேறுபாடே தீர்ப்பைத் திருப்பிவிடும். ஒரே இடத்தை இரண்டிலும் ஓட்டி, அளவைச் சமப்படுத்திய பிறகே தொடங்க வேண்டும். அடுத்தது அழுக்கு. இரண்டு தட்டையும் ஒரே முறையில் கழுவ வேண்டும். மூன்றாவது தடிமன். எழுபதுகளின் மெல்லிய தட்டிலிருந்து 200 கிராம் தட்டுக்கு மாறும்போது ஊசி நிற்கும் கோணம் சற்றே மாறும். டோன் ஆர்ம் உயரத்தைச் சரிசெய்யாவிட்டால் கோணத்தின் குற்றம் தட்டின் தலையில் விழும். நான்காவது நம் ஆசை. எந்தத் தட்டு ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். வீட்டில் ஒருவரை மாற்றிப் போடச் சொன்னால் போதும். அதிக விலை கொடுத்த தட்டின் மேலுள்ள பாசம் அங்கே வேலைக்கு ஆகாது.

ஒரே பிரஸ்ஸிங்கின் ஒரே ஒரு பிரதியைக் கேட்டுவிட்டு அந்தப் பதிப்புக்கே தீர்ப்பு எழுதுவதும் கூடாது. நடுத்துளை விலகிய தட்டில் ரைட்டின் பியானோ சுருதி அலையும். அது அந்த ஆலையின் அன்றைய தவறு. வெட்டியவரின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

எதை வாங்குவது? புதிதாகத் தொடங்குபவருக்கு 2016 பதிப்பு போதும். கடையில் கிடைக்கும், குறைசொல்ல இடம் வைக்காது. தேடவும் செலவழிக்கவும் தயாராக இருப்பவருக்கு 2003-ன் அக்கூஸ்டெக் தட்டு. நீல முக்கோணத்தைத் தேய்மானம் இல்லாமல் பார்த்தால் மட்டும் வாங்குங்கள், போட்டுக் கேட்டுவிட்டு. மொபைல் ஃபிடெலிட்டியின் 1979 தட்டு, இந்த ஆல்பத்தை மனப்பாடமாக அறிந்தவருக்கு. தெரிந்த பாட்டில் தெரியாத ஓசைகளை அது காட்டும். முதல் அறிமுகத்துக்கு அது வேண்டாம்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அட்டையில் ‘180 கிராம்’ என்று தங்க ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். எடை ஒலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதே இடத்தில் நான்கு வரி அச்சிடட்டும்: எந்த டேப், நடுவில் டிஜிட்டல் உண்டா, யார் வெட்டினார், எந்த ஆலை அடித்தது. சில சிறிய லேபிள்கள் இதை ஏற்கெனவே செய்கின்றன. பெரியவர்களால் முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. கித்தார் வாசித்தவர் பெயரையும் ஒலிப்பதிவு செய்தவர் பெயரையும் நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த இசையை நம் வீட்டுக்குக் கொண்டுவந்த கடைசிக் கலைஞர் லேத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவர். ரிக்கர், சாக்ஸ், கிரே, கிரண்ட்மன், ட்ராகட் என்ற பெயர்களும் அந்த ஆல்பத்தின் வரலாறுதான். இனித் தட்டு வாங்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், யார் வெட்டியது என்று கேளுங்கள்.